மறுமணத்துக்குப் பிறகு குழந்தையோடு கனடா: தந்தையின் கையெழுத்தா, கோர்ட் உத்தரவா, தத்தா?

விவாகரத்தான ஒரு பெண் எட்டு வயது மகனோடு கோவையில் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டொராண்டோவில் பிஆர் (நிரந்தரமாக வசிக்கும் உரிமை) வாங்கி வேலை பார்க்கும் ஒருவரோடு மறுமணம் முடிகிறது. கணவர் மனைவியை ஸ்பான்சர் செய்யலாம், பையனையும் அதே விண்ணப்பத்தில் சேர்க்கலாம். இதுவரை யாருக்கும் குழப்பமில்லை. பையனின் அப்பாவை என்ன செய்வது என்ற கேள்வி வரும்போதுதான் ஆளுக்கொரு யோசனை கிளம்பும். "டைவர்ஸ் ஆர்டர்லயே கஸ்டடி நமக்குத்தானே, அவரை எதுக்குக் கேக்கணும்?" என்பார் தாய்மாமன். "மாப்பிள்ளை பேர்ல தத்து எடுத்துட்டா பிரச்சினையே இல்ல" என்பார் விவரம் தெரிந்த ஒரு உறவினர். "நீ மொதல்ல போம்மா, பையன் எங்ககிட்ட இருக்கட்டும்" என்பார்கள் பாட்டியும் தாத்தாவும். வக்கீல், கோர்ட்டில் மனு போடலாம் என்பார்.

இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் முன் கனடா எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்று பிரித்துப் பார்த்துவிட வேண்டும். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

கனடா கேட்பது

பையன் புதுக் கணவரின் மகனாக ஆக வேண்டும் என்று கனடா கேட்பதில்லை. கணவர் ஸ்பான்சர், மனைவி முதன்மை விண்ணப்பதாரர், பையன் மனைவியைச் சார்ந்த குழந்தை. அவ்வளவுதான். 22 வயது நிறையாமலும் திருமணமாகாமலும் இருந்தால் சார்ந்த குழந்தை என்ற கணக்கில் வருவான். முழுமையான விண்ணப்பம் போய்ச் சேர்ந்த நாளில் என்ன வயதோ, அதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நடுவில் கோப்பு எவ்வளவு நாள் இழுத்தாலும் கவலையில்லை.

புதுக் கணவர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மனைவிக்காக அவர் தரும் பொருளாதார உறுதிமொழி மூன்று ஆண்டுக்கு. குழந்தைக்காகத் தருவது பத்து ஆண்டுக்கு, அல்லது குழந்தைக்கு 25 வயதாகும்வரை, இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. நடுவில் கல்யாணம் முறிந்தாலும் உறுதிமொழி முறியாது. இதைக் கல்யாணப் பேச்சிலேயே சொல்லிவிடுவது நல்லது.

கனடா உண்மையில் கேட்பது பையனைப் பெற்றவரைப் பற்றி. 18 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தை குடியேறும்போது, கூட வராத பெற்றோர் கையெழுத்திட்ட அறிவிப்பு வேண்டும். ஐஎம்எம் 5604 என்ற படிவம் அதற்குத்தான். கையெழுத்துள்ள அடையாள அட்டையின் நகலையும் இணைக்க வேண்டும். அந்த அறிவிப்பு கிடைக்கவில்லையென்றால், குழந்தையின் முழுப் பொறுப்பும் உங்களிடம் இருக்கிறது என்பதற்கும், அந்த நீதிமன்றத்தின் எல்லையை விட்டுக் குழந்தையை வெளியே கொண்டுபோகலாம் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். தாய்மாமன் கோட்டைவிடும் இடம் இந்த இரண்டாவது பாதிதான்.

பரஸ்பர சம்மத விவாகரத்து உத்தரவை எடுத்துப் பாருங்கள். "குழந்தை தாயிடம் இருக்கும், தந்தை மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்" என்கிற மாதிரிதான் பெரும்பாலும் எழுதியிருக்கும். வெளிநாடு பற்றி ஒரு வரி இருக்காது. சொல்லப்போனால், மாதம் இரண்டு ஞாயிறு என்ற வரியே பையன் கோவையில் இருப்பான் என்று எடுத்துக்கொண்டு எழுதியதுதான். அப்பாவின் வக்கீல் அதைத்தான் முதலில் எடுத்து வைப்பார்.

நம் சட்டத்தில் அப்பா எங்கே நிற்கிறார்

குழந்தை யாரிடம் வளர்கிறது என்பதும், குழந்தைக்கு யார் பாதுகாவலர் என்பதும் நம் சட்டத்தில் இரண்டு வேறு விஷயங்கள். 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் மற்றும் பாதுகாவலர் சட்டம், 6ஆம் பிரிவில், தந்தையை இயற்கைப் பாதுகாவலர் என்றும் அவருக்குப் 'பின்' தாய் என்றும் சொல்கிறது. 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பின்' என்பதற்குத் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருள் கொள்ளக்கூடாது, அவர் இல்லாத, குழந்தையைக் கவனிக்காத நிலையையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும் என்றது. ஒதுங்கிப்போன அப்பாக்கள் விஷயத்தில் அம்மாக்களுக்கு இது பெரிய பலம். ஆனால் மாதாமாதம் ஜீவனாம்சம் அனுப்பி, ஞாயிறு தவறாமல் வந்து பார்க்கும் அப்பாவை இந்தத் தீர்ப்பைக் காட்டி ஒதுக்க முடியாது. விவாகரத்து கணவன் என்ற உறவைத்தான் முடிக்கிறது.

அதே 6ஆம் பிரிவின் விளக்கத்தில் இன்னொரு வரி இருக்கிறது: தந்தை, தாய் என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள். புதுக் கணவர் எவ்வளவு பாசமாக இருந்தாலும், ஸ்கூல் ஃபீஸ் முழுக்க அவரே கட்டினாலும், அவர் போடும் கையெழுத்து இந்த விஷயத்தில் செல்லாது.

முதல் வழி: சம்மதக் கடிதம்

அப்பா இருக்கும் இடம் தெரியும், பேசினால் பேசுவார் என்றால் இதைவிட விரைவான, செலவு குறைந்த வழி கிடையாது. படிவத்தை நிரப்பி, நோட்டரி முன் கையெழுத்திட்டால் முடிந்தது. அவர் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்தால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெறலாம்.

பாஸ்போர்ட்டுக்குப் போட்ட கையெழுத்தே போதும் என்று சிலர் நினைத்துவிடுகிறார்கள். சிறுவர் பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் இணைப்பு 'டி' வேறு, நிரந்தரக் குடியேற்றத்துக்கான சம்மதம் வேறு. "கோடை விடுமுறைக்கு அழைத்துச் செல்ல ஆட்சேபணை இல்லை" என்று எழுதி வாங்கிய கடிதமும் உதவாது. நிரந்தரமாகக் குடியேற, எந்த நாட்டுக்கு, யாரோடு என்பது தெளிவாக இருக்க வேண்டும்.

அப்பாக்கள் கையெழுத்திடத் தயங்குவது பெரும்பாலும் வன்மத்தால் அல்ல. கையெழுத்துப் போட்டால் பையன் நமக்கு மகனே இல்லை என்றாகிவிடுமோ, பெயரையும் இனிஷியலையும் மாற்றிவிடுவார்களோ என்ற பயம்தான். இந்தப் படிவத்தால் அப்படி எதுவும் நடக்காது. பிறப்புச் சான்றிதழில் அவர் பெயர் அப்படியே இருக்கும். அவர் விட்டுக்கொடுப்பது பையன் வாழும் இடத்தைப் பற்றிய ஆட்சேபணையை மட்டும்தான். இதை முன்னாள் மனைவி சொன்னால் காதில் ஏறாது. இரு பக்கமும் மதிக்கும் ஒரு பெரியவரோ, அவருடைய சொந்த வக்கீலோ சொல்வது நல்லது. வாரம் இத்தனை முறை வீடியோ கால், ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வரும்போது இத்தனை நாள் அப்பாவோடு என்று தாளில் எழுதிக் கொடுத்தால் பேச்சு பாதி வழி வந்துவிடும்.

சிலர் கையெழுத்துக்கு விலை கேட்பார்கள். "ஜீவனாம்சத்தை நிறுத்திவிடு, போடுகிறேன்." பல அம்மாக்கள் நிம்மதிக்காக ஒப்புக்கொள்கிறார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பையனுக்கான பராமரிப்புத் தொகை பையனின் உரிமை. அம்மா எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை போய்விடாது என்பதை இரு பக்கமும் தெரிந்துகொண்டு பேசினால் பேரம் கொஞ்சம் நிதானமாக நடக்கும்.

வெறும் கடிதத்தின் பலவீனம், போட்டவர் மனசு மாறலாம் என்பதுதான். விசா வருவதற்குள் அவர் அதிகாரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, மிரட்டி வாங்கினார்கள் என்று சொல்லிவிட்டால் கோப்பு அங்கேயே நின்றுவிடும்.

இரண்டாம் வழி: நீதிமன்ற உத்தரவு

இரண்டு விதமாக நீதிமன்றம் போகலாம். வெளியில் இருந்து பார்த்தால் ஒன்று போலத் தெரியும், உள்ளே போனால் சம்பந்தமே இருக்காது.

ஒன்று, அப்பா ஒப்புக்கொண்ட பிறகு போவது. இருவரும் சேர்ந்து குடும்ப நல நீதிமன்றத்தில் மனு போட்டு, பழைய உத்தரவைத் திருத்தி, "தாய் குழந்தையை நிரந்தரமாகக் கனடாவுக்கு அழைத்துச் செல்லலாம், தந்தைக்கு இந்த இந்தச் சந்திப்பு உரிமை" என்று பதிவு செய்துகொள்வது. சண்டை இல்லாததால் இதில் இழுபறி குறைவு. என்னைக் கேட்டால், கையெழுத்துக் கிடைத்துவிட்டது என்று இதைத் தவிர்ப்பது பெரிய அசட்டுத்தனம். கடிதம் இருந்தால் படிவம் நிறையும். உத்தரவும் இருந்தால் அப்பா நினைத்த நேரத்தில் பின்வாங்க முடியாது. அப்பாவுக்கும் இதில் லாபம் இருக்கிறது: வீடியோ கால், ஆண்டு விடுமுறை எல்லாம் வாய்வார்த்தையாக இல்லாமல் உத்தரவில் வந்துவிடும்.

மற்றொன்று, அப்பா மறுக்கும்போது போவது. 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் மற்றும் பாதுகாக்கப்படுவோர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் மனு போட வேண்டும். அதனால் கோவையில் வளரும் பையனுக்கு வழக்கும் கோவையில்தான். வேறு ஊரில் இருக்கும் அப்பா தன் ஊருக்கு வழக்கை இழுத்துக்கொள்வது எளிதல்ல. அதே சட்டத்தின் 26ஆம் பிரிவு, நீதிமன்றம் நியமித்த பாதுகாவலர்கூட அனுமதியின்றிக் குழந்தையை எல்லைக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்கிறது. ஆகவே மனுவில் "என்னைப் பாதுகாவலராக நியமிக்க வேண்டும்" என்று மட்டும் கேட்டுவிட்டு வந்தால் பாதிதான் கிடைக்கும். வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்லும் அனுமதியைத் தனியாக, நாட்டின் பெயரோடு கேட்க வேண்டும். கனடா கேட்கும் அந்த இரண்டாவது பாதி இதுவே.

நீதிமன்றங்கள் இதை மறுத்துவிடும் என்று முன்கூட்டியே பயப்பட வேண்டியதில்லை. 2010இல் விக்ரம் வீர் வோரா வழக்கில், பரஸ்பர சம்மதத்தில் பிரிந்த தாய் வேலைக்காக ஆஸ்திரேலியா போகும்போது மகனை அழைத்துச் செல்ல உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. குழந்தை யாரிடம் இருக்க வேண்டும் என்ற உத்தரவு கல்லில் செதுக்கியது அல்ல, குழந்தையின் தேவைக்கேற்ப மாற்றலாம் என்று அதில் தெளிவாகச் சொன்னார்கள். 2020இல் ரித்திகா சரண் வழக்கில் சிங்கப்பூருக்கு அழைத்துச் செல்லவும் அனுமதி கிடைத்தது. இரண்டிலும் அடிப்படை குழந்தையின் நலன். அம்மாவின் புது வாழ்க்கையோ அப்பாவின் கோபமோ இரண்டாம்பட்சம்.

அதனால் மனுவைப் பையனைச் சுற்றித்தான் எழுத வேண்டும். எந்தப் பள்ளி, எந்த வகுப்பு, அம்மா வேலைக்குப் போனால் மாலையில் யார் பார்த்துக்கொள்வார்கள், வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். புதுக் கணவரின் வேலை, வருமானம், முந்தைய திருமணம் எல்லாம் விசாரணைக்கு வரும். அவர் ஒரு வார்த்தையும் சொல்லாமல் டொராண்டோவிலேயே இருந்துகொண்டால் நீதிபதிக்கு நல்ல எண்ணம் வராது. விவரம் சொல்லும் வயதுள்ள பையன் என்றால் அவன் விருப்பத்தையும் கேட்பார்கள். சொல்லிக் கொடுத்துக் கூட்டிப் போனால் இரண்டாவது கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடும்.

இந்த வழியின் விலை காலம்தான். எதிர்த்து நடத்தும் வழக்கு ஆண்டுக்கணக்கில் போகலாம், பிறகு மேல்முறையீடு. ஆகவே கல்யாணத் தேதி குறித்தவுடனேயே தொடங்க வேண்டும். கனடா விண்ணப்பம் போட்டு, அவர்கள் ஆவணம் கேட்டுக் கடிதம் அனுப்பிய பிறகு வக்கீலைத் தேடுவது தாமதம்.

அப்பா எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை என்றாலும் வழி இதுதான். கடைசியாகத் தெரிந்த முகவரிக்கு நோட்டீஸ், அது திரும்பினால் நாளிதழில் விளம்பரம், அப்புறம் அவர் வராமலேயே தரப்படும் ஒருதலைப்பட்ச உத்தரவு. அவரைத் தேடியதற்கான ஆதாரங்களையும், திரும்பி வந்த தபால் உறை வரைக்கும், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பா பின்னாளில் வந்து, முகவரி தெரிந்தும் மறைத்துவிட்டார்கள் என்று நிரூபித்தால் அந்த உத்தரவையே ரத்து செய்ய முடியும். முகவரி தெரிந்தே தெரியாது என்று சொல்லச் சொல்லும் வக்கீலிடமிருந்து கோப்பை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

மூன்றாம் வழி: தத்து

கேட்பவர்கள் அதிகம், தேவைப்படுபவர்கள் மிகக் குறைவு. குடியேற்றத்துக்கு இது தேவையே இல்லை என்று மேலே பார்த்தோம். இன்னும் முக்கியமாக, அப்பாவின் கையெழுத்தைத் தவிர்க்கவும் இது உதவாது. 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி ஒரு பெற்றோர் குழந்தையைத் தத்துக் கொடுக்க மற்றவரின் சம்மதம் வேண்டும். கனடாவுக்குப் போகட்டும் என்று கையெழுத்திடத் தயங்கும் மனிதர், மகனை முழுக்கவே விட்டுக்கொடுக்கும் தாளில் கையெழுத்திடுவாரா?

நிபந்தனைகளும் நிறைய. ஆண் ஒருவர் பெண் குழந்தையைத் தத்தெடுத்தால் இருவருக்கும் 21 வயதாவது வித்தியாசம் வேண்டும். 34 வயது மாப்பிள்ளைக்கு 14 வயது மகளைத் தத்துத் தர முடியாது. அவருக்கு ஏற்கெனவே முதல் திருமணத்தில் மகன் இருந்தால் இன்னொரு மகனைத் தத்தெடுக்க முடியாது. தத்து முடிந்தால் பிறந்த குடும்பத்தோடு சட்டப்படியான உறவு அறுந்துவிடும். ஏற்கெனவே பையன் பெயருக்கு வந்த சொத்து அவனோடு இருக்கும், இனி அப்பா வழியில் வாரிசாக வர முடியாது.

சிறார் நீதிச் சட்டத்தின் கீழ், மத்திய தத்தெடுப்பு ஆணையமான காரா வழியாகப் போகலாம். அங்கும் பெற்ற தந்தையின் சம்மதம் வேண்டும், குழந்தை பற்றிய வழக்கு நடந்துகொண்டிருந்தால் அது முடிந்த பிறகுதான் தொடங்கவே முடியும். தத்தெடுப்பவர் வெளிநாட்டில் வசிப்பதால் நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்பு நடைமுறைகளும் சேர்ந்துகொள்ளும். போதாக்குறைக்கு, குடியேற்றத் தகுதி பெறுவதற்காகவே செய்த தத்தைக் கனடா ஏற்பதில்லை. தேவையில்லாத ஒரு சந்தேகத்தை நாமே கோப்பில் வைத்துக்கொடுப்பானேன்?

அப்பா இறந்துவிட்ட குடும்பங்களின் நிலை வேறு. இறப்புச் சான்றிதழே போதும், குடியேற்றக் கோப்புக்கு யார் கையெழுத்தும் வேண்டாம். தாத்தா பாட்டி எதிர்த்தாலும் பெரிய தடையில்லை. 2022இல் அகெல்லா லலிதா வழக்கில், கணவரை இழந்து மறுமணம் செய்த தாய்தான் இயற்கைப் பாதுகாவலர், குழந்தையின் குடும்பப் பெயரை முடிவு செய்யவும் தத்துக் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அங்கே தத்து குடும்பத்தின் சொந்த விருப்பம். விரும்பினால் கனடா போய்ச் சேர்ந்து, அந்த மாகாணத்துச் சட்டப்படி நிதானமாகச் செய்துகொள்ளலாம். ஒன்டாரியோவில் ஏழு வயது நிறைந்த குழந்தையின் சம்மதத்தையும் கேட்பார்கள். அது எனக்குப் பிடித்த விதி.

நான்காம் வழி: குழந்தையை விட்டுவிட்டு முன்னால் போவது

பாட்டி தாத்தாவின் யோசனை பாசத்தில் வருவது. மூன்று ஆபத்துகள் இருக்கின்றன.

கூட வராத குழந்தையையும் விண்ணப்பத்தில் காட்டி, மருத்துவப் பரிசோதனையும் செய்திருக்க வேண்டும். "இப்போதைக்கு ஒருத்திக்கு மட்டும் போடுவோம்" என்று மகனைக் காட்டாமல் விட்டால், பின்னாளில் அவனைக் குடும்ப உறவினருக்கான குடியேற்றப் பிரிவில் ஸ்பான்சர் செய்யும் உரிமையே போய்விடும். 2019 முதல் இதற்கு ஒரு தற்காலிகத் தளர்வு வந்தது, அதை நம்பித் திட்டம் போடக் கூடாது.

இரண்டாவது, பின்னால் கூப்பிடும்போதும் அப்பாவின் அதே கையெழுத்து வேண்டும். பிரச்சினை தள்ளிப்போகிறது, தீரவில்லை.

மூன்றாவதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. அம்மா இரண்டு ஆண்டு கனடாவில் இருக்கிறார், பையன் பொள்ளாச்சியில் பாட்டியோடு. இப்போது அப்பா மனு போட்டு, "பாட்டியிடம் வளர்வதற்கு என்னிடம் வளரட்டுமே" என்றால், அதுவரை அம்மா பக்கம் இருந்த நியாயம் ஆட்டம் காணும்.

மரியாதை கருதி யாரும் வெளியில் சொல்லாத ஐந்தாவது வழி ஒன்றும் இருக்கிறது: விசிட்டர் விசாவில் கூட்டிப்போய் அங்கேயே இருந்துவிடுவது. குழந்தைக் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை, அதனால் யாரும் ஒன்றும் செய்ய முடியாது என்று சிலர் தைரியம் சொல்வார்கள். 2022 டிசம்பரில் கனடா உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது இதே மாதிரி ஒரு வழக்குதான். துபாயில் வளர்ந்த இரண்டு குழந்தைகளை ஒன்டாரியோவுக்கு அழைத்து வந்த தாய் திரும்பப் போக மறுத்தார். ஐக்கிய அரபு அமீரகமும் அந்த உடன்படிக்கையில் இல்லை. இருந்தும் குழந்தைகளைத் திருப்பி அனுப்பும் உத்தரவு உறுதியானது.

வேறு நாடு என்றால்

ஆஸ்திரேலியாவும் கனடா போலத்தான், அங்கே படிவத்தின் எண் 1229. பிரிட்டனில் கேள்வியே வேறு: குழந்தையின் வளர்ப்பில் முடிவெடுக்கும் முழுப் பொறுப்பும் இந்தப் பெற்றோரிடம்தான் இருந்து வந்ததா என்று பார்ப்பார்கள். அப்பா அடிக்கடி வந்து பார்க்கிறார், பள்ளி விஷயங்களில் கருத்துச் சொல்கிறார் என்றால், அவர் மனதாரக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் அங்கே சிக்கல்தான். நல்ல அப்பாவாக இருப்பதே கோப்புக்கு எதிராகத் திரும்பும் விசித்திரம் அது.

அமெரிக்காவில் தேதிதான் எல்லாம். குழந்தைக்கு 18 வயது நிறையும் முன் திருமணம் நடந்திருந்தால்தான் புதுக் கணவரின் குழந்தை என்று எடுத்துக்கொள்வார்கள். அவர் குடியுரிமை பெற்றவர் என்றால் மனைவிக்கும் குழந்தைக்கும் தனித்தனி மனு போட வேண்டும். ஒன்றில் மற்றொன்று ஒட்டிக்கொண்டு வராது. 17 வயது மகள் இருக்கும் வீட்டில், நல்ல நாள் பார்க்கிறோம் என்று கல்யாணத்தை அடுத்த தைக்குத் தள்ளினால் வாய்ப்பே போய்விடலாம். கனடாவுக்கோ அதே 17 வயது மகளோடு போகிறவர், அப்பா பிடிவாதமாக மறுத்தால், 18 முடியும்வரை பொறுத்து விண்ணப்பிக்கலாம். மேஜரான பிறகு அப்பாவின் அறிவிப்பு தேவையில்லை, 22 வரை சார்ந்த குழந்தை என்ற கணக்கும் இருக்கிறது.

கோவைப் பெண்ணுக்கு என் பரிந்துரை: முதலில் பேச்சு, அப்புறம் கையெழுத்து, அதை வைத்துக் கூட்டு மனு போட்டுத் திருத்திய உத்தரவு. பேச்சு நகரவில்லை என்று தெரிந்ததும், அவர் சம்மதமில்லாமலே தனி மனு. தத்து வேண்டாம்.

விவாகரத்தே இன்னும் முடியாமல், இப்போதுதான் பரஸ்பர சம்மத மனு எழுதிக்கொண்டிருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். மறுமணம் பற்றிய எண்ணமே இல்லாவிட்டாலும், "கல்வி, வேலை, குடியேற்றம் ஆகியவற்றுக்காகக் குழந்தையை இந்தியாவுக்கு வெளியே அழைத்துச் செல்லவும் வசிக்கச் செய்யவும் தாய்க்கு உரிமை உண்டு, தேவைப்படும் படிவங்களில் தந்தை கையெழுத்திடுவார், தந்தைக்கு வீடியோ சந்திப்பும் ஆண்டு விடுமுறைச் சந்திப்பும் தொடரும்" என்று ஒரு பத்தியை இப்போதே சேர்க்கச் சொல்லுங்கள். குழந்தை அப்பாவிடம் வளரப்போகிறது என்றால் இதே பத்தி அப்படியே மறுபக்கமாக எழுதப்படும்.